சாமிக்கண்ணுவின் கியர் பெட்டி

காத்தவராயனுக்குச் சாமிக்கண்ணு மேல் பதினோரு வருஷமாக ஒரு கோபம் இருந்தது. வெளியே காட்டுகிற கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுப்பான், வண்டியைப் பார்ப்பான், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். ஆனால் அந்த மனுஷன் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம், தொண்டையில் மீன் முள் சிக்கினது போல அந்த ஒரு நாள் வந்து நிற்கும்.

அன்றைக்குப் பட்டறையில் நாலு பேர் வண்டியைக் காட்ட வந்திருந்தார்கள். காத்தவராயனின் மாமனாரும் ஊரிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாமிக்கண்ணு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மாடு கட்டற எடத்துல காரக் கொண்ணாந்து உட்டேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! எண்ணெ அளக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா பட்டறை?"

விஷயம் இதுதான். இரண்டு நாள் முன்பு சாமிக்கண்ணுவின் காருக்கு சர்வீஸ் பார்த்த காத்தவராயன், கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. கூட இருக்கிறது என்று ஒரு லிட்டருக்கு மேல் இறக்கிவிட்டான். மறுநாள் சாயங்காலம் முத்தியால்பேட்டையில் பெண் அழைப்பு. மேளக்காரர்கள் முன்னால் போக, பெண்ணை ஏற்றிக்கொண்டு பின்னால் போன வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. பெண் வீட்டு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபம் வரைக்கும் தள்ளினார்கள்.

"இஞ்சின் ஓடிக்கினு இருக்கும்போது, சூடா இருக்கும்போதுதான் அளக்கணும்னு எங்கண்ணன் புத்தகத்தப் பார்த்துச் சொன்னாரு. அத உங்கிட்டயும் சொன்னேன். சொன்னனா இல்லியா?"

"இஞ்சின ஓட உட்டுட்டு எண்ணெ அளக்கறவன நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல" என்றான் காத்தவராயன்.

"பார்க்காதவன், சொன்னா கேட்டுக்கணும்."

மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் முள். அவர் சாகிற வரைக்கும் தீபாவளிக்கு வந்தாலும் சரி, சாவுக்கு வந்தாலும் சரி, "இன்னா மாப்ள, மாடு பால் கறக்குதா?" என்று கேட்காமல் போனதில்லை.

காத்தவராயன் ஆறாவது வரைக்கும் படித்தவன். பதிமூன்று வயதில் லாரிப் பட்டறையில் சேர்ந்தான். லாரியோ, ஜீப்போ, அம்பாசிடரோ, எண்ணெய் பார்ப்பதென்றால் முதலில் இஞ்சினை நிறுத்த வேண்டும், எண்ணெய் கீழே இறங்கித் தங்க வேண்டும், பிறகுதான் கம்பி. அவன் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முப்பது வருஷம் பொய்யாகாத ஒன்றை, மில்லில் பஞ்சு தள்ளின ஆள் வந்து பொய் என்று சொன்னால் எப்படி ஏறும்?

சாமிக்கண்ணு வேறு பட்டறைக்கும் போகவில்லை. போக முடியாது. அந்த வண்டிக்குக் கீழே படுக்க ஊரில் வேறு எவனும் வரமாட்டான். அதோடு காத்தவராயன் பட்டறை அவர் வீட்டிலிருந்து மூன்றாவது சந்து, கட்டையை ஊன்றி நடக்கிற தூரம். அதனால் முறைத்துக்கொண்டே இரண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள். கியர் எண்ணெய் அளக்கிற வேலையை மட்டும் அன்று முதல் சாமிக்கண்ணு தன் கையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மில் வேலையில் இருந்தபோது பேல் என்கிற பஞ்சுப் பொதி சரிந்து விழுந்து நசுங்கி, புரையோடி, எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது வயது இருபத்தேழு, கல்யாணமாகி எட்டு மாதம். கொஞ்ச நாள் கேட்டருகே உட்கார்கிற வேலை கொடுத்தார்கள். பிறகு மில்லே மூடிக்கொண்டது. மனைவி வசந்தா இரண்டு வீட்டில் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை இழுத்தாள். தெருவில் இன்னொரு சாமிக்கண்ணுவும் இருந்ததால், இவரை 'நொண்டி சாமிக்கண்ணு' என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு அதில் வன்மம் ஒன்றுமில்லை. அடையாளத்துக்குச் சொன்னதுதான். கேட்டவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேல் மறுபடி விழுந்தது.

அண்ணன் தட்சிணாமூர்த்தி சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு பேஜோ காரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். டீசல் வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம், ஆட்டோமேட்டிக் கியர். அந்த நாட்டு ரோட்டில் பழகின மனுஷன் இங்கே ஒரே ஒரு நாள் மார்க்கெட் பக்கம் ஓட்டிப் பார்த்தார். சைக்கிளுக்கும் மாட்டுக்கும் நடுவே வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அந்த ஷெட்டைப் பெருக்கப் போன சாமிக்கண்ணு ஒரு மத்தியானம் சும்மா ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, மிதிக்கறதுக்கு ரெண்டுதான் இருக்குது. மூணாவது எங்க?"

"கிளட்ச்சு கெடையாதுடா இதுல. ரெண்டுக்கும் வலது கால்தான்."

அதற்குப் பிறகு அவர் அந்தச் சீட்டை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். லைசன்ஸுக்காக இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கல்யாண ஊர்வலத்துக்கென்றே அந்த வண்டியைச் செய்தது போல இருந்தது. மற்ற கார்கள் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச் கருகி நாறும். இது அப்படி இல்லை. பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்தால் தானாக நகரும். நாதஸ்வரக்காரர் நின்று ஒரு கீர்த்தனையை இழுத்தால் இதுவும் நின்று கேட்கும். 'பேஜோ சாமிக்கண்ணுவைக் கூப்பிடு' என்று நெல்லித்தோப்பிலிருந்து காலாப்பட்டு வரைக்கும் சொல்லி அனுப்பினார்கள். நொண்டி என்ற சொல் எப்போது உதிர்ந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அண்ணன் செத்த பிறகு வண்டி அவர் பெயருக்கு வந்தது.

நல்ல மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. வசந்தாவிடம் ஒரு நாளும் மெல்லப் பேசினதில்லை. அவள் செத்துப்போன பிறகு அவள் பேச்சையும் எடுத்ததில்லை. மகள் கலைமகள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மருமகன் பாலாஜி டிரைவர்தான், வேன் ஓட்டுகிறவன். அவனைக்கூட அந்தச் சீட்டில் உட்கார விட்டதில்லை. ஒரு தடவை ஆசையாகக் கதவைத் திறந்தவனிடம், "ரெண்டு கால் இருக்கறவனுக்கு ஊர் பூரா வண்டி இருக்குது, போ" என்றார்.

சர்க்கரை வந்து கிட்டத்துப் பார்வை மங்கியது. ரோடு தெரிந்தது, அளவுக் கம்பியின் கோடு தெரியவில்லை. நாலு வருஷம் முன்பு ஒரு நாள் கம்பியைக் காத்தவராயன் கையில் கொடுத்தார். "நீயே பாரு. நான் சொன்ன மாதிரி பாரு."

"சரிண்ணே" என்றான். அவன் மாதிரியேதான் பார்த்தான். இஞ்சினை நிறுத்தி, பீடி ஒன்று பிடித்துவிட்டு வந்து, கம்பியை உருவி, கூட இருக்கிறது என்று கொஞ்சம் இறக்கினான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கொஞ்சம். பழைய தடவை போல ஒரேயடியாக லிட்டர் கணக்கில் இல்லாததால் வண்டி நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தீரா, நான்தான் சரி என்று மனசுக்குள் மாமனாரிடம் சொல்லிக்கொண்டான்.

போன மாசியில் வண்டி வழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியருக்குப் போகும்போது இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. பங்குனியில் ரிவர்ஸ் போட்டால் நகரவே இல்லை. காத்தவராயன் கீழே படுத்து எண்ணெய்த் தட்டைக் கழற்றினான். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய எண்ணெய் தார் போல இறங்கியது, தீய்ந்த நாற்றத்தோடு.

சென்னையில் ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டுமே பார்க்கிற அரிகிருஷ்ணன் என்பவரின் நம்பரை ஒருவர் கொடுத்தார். காத்தவராயன் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"எண்ணெ கம்மியா ஓடியிருக்கும்ணே. அதான் உள்ள இருக்கற பிளேட்டு கருகியிருக்கு."

"கம்மி இல்லீங்க. நானே அளந்தேன். கூடத்தான் இருந்துச்சு."

"இஞ்சின் ஓடும்போது அளந்தீங்களா, நிறுத்திட்டா?"

காத்தவராயன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நிறுத்திட்டீங்கன்னா மேல இருக்கற எண்ணெயெல்லாம் கீழ எறங்கிடும்ணே. கூட இருக்கற மாதிரிதான் காட்டும். அதப் பார்த்து எறக்குனீங்கன்னா பெட்டி பட்டினிதான். இது லாரி இல்லீங்களே… அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் வண்டியின் அடியிலேயே படுத்துக் கிடந்தான். முள் திரும்பிக் குத்தியது. அந்த மனுஷன் எல்லார் முன்னாலும் சொன்னதும் சரி, தன் கையில் கம்பியைக் கொடுத்து மெதுவாகச் சொன்னதும் சரி. நாலு வருஷமாக அந்தப் பெட்டியைக் கொன்றது இவன்.

அப்போதுதான் அவனுக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெட்டி வைத்துவிட்டால்? இதே குலத்து டீசல் இஞ்சின் முன்பு இங்கே ஜீப்புகளில் ஓடியது. ஜீப்பின் சாதாரண கியர் பெட்டியைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் உட்காரும். பத்து நாள் வேலை. பழைய பெட்டி இரும்புக் கடைக்குப் போகும். உள்ளே என்ன கருகியிருந்தது, ஏன் கருகியது என்று எவனும் பார்க்கப் போவதில்லை.

அன்று சாயங்காலமே சாமிக்கண்ணு வீட்டுக்குப் போனான். கலைமகளும் இருந்தாள்.

"அண்ணே, பெட்டி போச்சு. ஜீப்பு பெட்டி ஒண்ணு போட்டுறலாம். ஆயுசுக்கும் தொந்தரவு இல்ல."

"ஜீப்பு பெட்டின்னா கிளட்ச்சு இருக்குமே."

"இருக்கும்."

"அத எதால மிதிக்கறது? இந்தக் கட்டையாலயா?"

கலைமகள் குறுக்கே வந்தாள். "அப்பா, எங்க வீட்டுக்காரரு ஓட்டட்டுமே. கல்யாணத்துக்கெல்லாம் அவரே போய் வருவாரு. நீ ராசா மாதிரி பக்கத்துல உக்காந்துக்க."

"பக்கத்துல உக்கார்றதுக்கு எனக்கு பஸ்ஸு இருக்குது."

"சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க."

காத்தவராயன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பிரிச்சா ஒழுங்கா வரும்னு சொல்ல முடியாதுண்ணே. சாமான் கெடைக்கணும். கெடைச்சாலும் நான் இதுவரைக்கும் இத கட்டுனதில்ல."

சாமிக்கண்ணு அவனையே பார்த்தார். அந்த மங்கின கண் எதைப் பார்க்கிறது என்று காத்தவராயனால் சொல்ல முடியவில்லை.

"காத்தா, அந்தப் பெட்டி போச்சுன்னா நான் மறுபடி நொண்டி. உனக்கு அது ஒரு சாமான். பிரி. பிரிச்சு இன்னா போச்சுன்னு எனக்குக் காட்டு. அப்புறம் நான் சொல்றேன்."

பிரித்தான். சாமிக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுப்பில் மறந்துபோன தோசை போலக் கருகியிருந்தன. அவற்றை அவர் ஒவ்வொன்றாக வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா இப்பிடிக் கருகிக் கெடக்குது?"

சொல்ல அது நல்ல நேரம். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"வயசுண்ணே. நாப்பது வருஷம் ஓடியிருக்குல்ல."

"ஆமா" என்றார் சாமிக்கண்ணு. "ஊர்வலம் வேற. நானும் கொஞ்சமா ஓட்டுனேன்?" பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு பிளேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பல் சக்கரங்களில் ஒரு கீறல் இல்லை. பிளேட்டும் ரப்பரும் மட்டும் கிடைத்தால் தைரியமாகக் கட்டலாம் என்று அரிகிருஷ்ணன் சொன்னார். ஜீப்பு பெட்டிப் பேச்சு அதோடு நின்றது. தட்சிணாமூர்த்தியின் மகன் எழிலரசன் பிரான்சில் இருக்கிறான். அவன் எங்கெங்கோ தேடி ஒரு செட்டைப் பிடித்து அனுப்பினான். வந்து சேர நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதமும் சாமிக்கண்ணு நடந்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தெருமுனைக்குக்கூட வண்டியில் போன மனுஷன், கட்டையை ஊன்றிக்கொண்டு தினமும் பட்டறைக்கு வந்தார். கடைக்குப் போனார், மாத்திரை வாங்கப் போனார். ஆட்டோவில் ஏறச் சொன்னால் திட்டுவார். ஆடி மாசம் ஒரு நாள் அவருடைய வலது குதிகாலில் துணி சுற்றியிருப்பதைக் காத்தவராயன் பார்த்தான்.

"இன்னாண்ணே அது?"

"செருப்பு கடிச்சுடுச்சு. நீ உன் வேலையப் பாரு."

பார்த்தான். அதையும் அவன் பிறகு பல தடவை நினைத்துக்கொள்ள நேர்ந்தது. செருப்புக் கடி பதினைந்து நாளில் புண்ணானது. புண் மேலே ஏறியது. சர்க்கரை உடம்பு. கலைமகள் கம்பெனிக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாராம். வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள்.

பார்சல் அதற்கு ஆறு நாள் கழித்து வந்தது.

காத்தவராயன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேறு வண்டி எதையும் எடுக்காமல், அரிகிருஷ்ணனைப் போனில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைக் கட்டினான். யாருக்காக என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கை நின்றுவிடும். ஒரு ரப்பர் வளையம் தப்பாக உட்கார்ந்தது என்று இரண்டு தடவை மறுபடி பிரித்தான். முடித்து மேசை மேல் வைத்தபோது அது புதுசு போல இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனான். கலைமகள் வராந்தாவில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு பூரா ஏறிடுச்சாம் சித்தப்பா. கைய விரிச்சிட்டாங்க" என்றாள். பிறகு, "இனிமே எந்தப் பெட்டி போட்டா இன்னா? அந்த ஜீப்பு பெட்டியே போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு ஓட்டிப் பொழைக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

உள்ளே சாமிக்கண்ணு கட்டிலில் பாதியாகக் கிடந்தார். போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது. காத்தவராயன் பக்கத்தில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கத் தெரியாது அவனுக்கு.

"அண்ணே, பெட்டி வயசாகிப் போவல. நான்தான் எண்ணெய எறக்கி எறக்கிக் கொன்னுட்டேன். நீ சொன்ன மாதிரி அளக்கல."

சாமிக்கண்ணு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?"

"நீ கம்பியக் குடுத்த நாள்லேருந்து."

"சொன்னேனேடா."

"சொன்னே."

"மாடு கூட கேட்டிருக்கும்டா."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ கஞ்சி ஊட்டினார்கள். இவன் எழுந்திருக்கவில்லை.

"கட்டிட்டியா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"கட்டிட்டேன். மேசை மேல இருக்குது. கலைமகள் ஜீப்பு பெட்டி போடச் சொல்லுது. நீ இன்னா சொல்ற?"

புதன்கிழமை விடிவதற்குள் சாமிக்கண்ணு போய்விட்டார். அப்போது பெட்டி இன்னும் மேசை மேல்தான் இருந்தது, வண்டி ஸ்டாண்டு மேல்தான் நின்றது. அந்தத் திங்கட்கிழமை அவர் மெல்லத் திரும்பி, காத்தவராயனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னதுதான் அவனிடம் கடைசியாகக் கேட்டது.

"ஜீப்பு பெட்டி அப்புறம். என் பெட்டிய முதல்ல மாட்டு. மாட்டி, காலாப்பட்டு வரைக்கும் ஒரு தடவ நீ ஓட்டிக்கினு போயிட்டு வா. வேற எவனும் வேணாம், நீதான். எடது கால மடக்கிக் கதவோரம் வச்சுக்க, அதால ஒண்ணையும் தொடாத. ஒத்தக் கால்லயே ஓட்டு. ரெண்டுலேருந்து மூணுக்கு மாறும்போது முதுவுல குலுக்கல் தெரியுதா, தெரியாமப் போவுதான்னு பாரு. பார்த்துட்டு நேரா இங்க வந்து எங்கிட்ட சொல்லு."